சமையலறை வேலையில் தொடை உரசி ரணமாகிறது, ஷிப்ட் முடிவதற்குள் நடக்க முடியவில்லை

கரண்டிக்காரன்:

உணவகச் சமையலறையில் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. கிரில் பக்கம் நிற்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. கையில் வெட்டு, சூட்டுக் கொப்புளம் எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காத ஒன்றைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பத்து மணி நேர ஷிப்டில் ஆறாவது மணி நேரம் வாக்கில் தொடையின் உள்பக்கம் எரிய ஆரம்பிக்கிறது. பின்பக்க இடுக்கிலும் அப்படியே. வீட்டுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினால் உயிர் போய்த் திரும்பி வருகிறது. நேற்று உள்ளாடை தோலோடு ஒட்டிக்கொண்டு, நனைத்து நனைத்துத்தான் எடுக்க முடிந்தது. காலை அகட்டி அகட்டி நடந்ததைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவும் பையன், “என்னண்ணா, குதிரையில வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டான்.

நான் ஒல்லியான ஆள். இதெல்லாம் பருமனாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். டால்கம் பவுடர் போட்டுப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் நனைந்து உருண்டு, அந்த உருண்டையே உறுத்த ஆரம்பித்தது. உள்ளே சாதாரணப் பருத்தி ஜட்டி, மேலே கெட்டித் துணி பேன்ட். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழைய_சட்டுவம்:

தம்பி, கூச்சமே வேண்டாம். இருபத்திரண்டு வருடமாக அடுப்படியில் நிற்கிறேன். இது வராத ஆளைப் பார்த்ததில்லை. வந்தது என்று வாய் திறந்து சொன்ன ஆளையும் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு முதல் வருடம் முழுக்க இந்தக் கதைதான்.

ஒல்லி, பருமன் என்பது பாதிக் கணக்குதான். தொடையும் தொடையும் உரச வேண்டும் என்று இல்லை, துணி உரசினாலே போதும். நீ ஒரே இடத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்பாய். கிரிலுக்கும் பின்மேசைக்கும் நடுவே அரைவட்டம் திரும்புகிறாய், குனிந்து அடித்தட்டு ஃப்ரிட்ஜைத் திறக்கிறாய், நிமிர்கிறாய், தட்டை நீட்டுகிறாய். ஒவ்வொரு தடவையும் துணி தோலை ஒரு இழுப்பு இழுக்கிறது. காய்ந்த தோல் அதைத் தாங்கிக்கொள்ளும், ஊறிய தோல் தாங்காது. ஒரு மணி நேரம் பாத்திரம் கழுவிய விரல் நுனியைப் பார், வெளுத்துச் சுருங்கி இருக்கும். உன் இடுக்குத் தோல் ஷிப்டின் பாதியில் அந்த நிலைக்கு வந்துவிடுகிறது. போதாததற்கு ஈரத்துணி ஈரத்தோலில் வழுக்காது, பற்றிக்கொண்டு இழுக்கும்.

அப்புறம் உப்பு. சூட்டில் நின்று உழைக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம், சிலருக்கு அதற்கு மேலும். இடைவேளையில் வெளியே காற்றில் நின்றால் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. கறுப்பு பேன்ட்டில் வெள்ளை வெள்ளையாக வரைபடம் போட்டது போல் தெரியுமே, அதேதான் தோலிலும் இருக்கிறது. அதோடு மறுபடி உள்ளே வந்து வேலையைத் தொடங்குகிறாய். மரத்தைத் தேய்க்கிற தாளுக்கு உப்புத்தாள் என்று பேர் வைத்தவனுக்கும் இந்த அனுபவம் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குப் பலித்தது ஒன்றுதான். ஷிப்டின் நடுவில் உள்ளாடையை மாற்று. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

உப்புக்கல்:

மக்காச்சோள மாவு. சமையலறையிலேயே இருக்கிறது. எங்கள் இடத்தில் எல்லாரும் அதைத்தான் போடுவோம். முடிந்தது விஷயம்.

வெள்ளிக்கிண்ணம்:

உப்புக்கல், “சமையலறையிலேயே இருக்கிறது” என்றால் சமையலுக்கு வைத்திருக்கும் டப்பாவிலிருந்தா எடுக்கிறீர்கள்? கையை எங்கே விட்டு எங்கே வைக்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? நான் அங்கே சாப்பிட வரமாட்டேன்.

உப்புக்கல்:

அக்கா, தனி டப்பாதான், லாக்கரில் இருக்கிறது. போட்டுவிட்டுக் கையும் கழுவுவோம். அவ்வளவு மோசமில்லை நாங்கள்.

பழைய_சட்டுவம்:

தனி டப்பா என்று இப்போது சொல்கிறாய். சமையல் மாவு டப்பாவுக்குள்ளேயே முழங்கை வரை கையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இருக்கட்டும்.

மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். கொஞ்சமாக வியர்க்கிற ஆளுக்கு, இரண்டு மணி நேர வேலைக்கு, மாவோ பவுடரோ போதும். கிரிலில் நிற்கிறவனுக்குப் போதாது. தூள் எதுவானாலும் குடிக்கிற அளவுக்குத்தான் குடிக்கும், அதற்கு மேல் பிசைந்த மாவுதான். தம்பிக்கு டால்கம் உருண்டதும் அதனால்தான். உருண்டபின் மேலே மேலே தூவினால் உரசலுக்கு நீயே மணல் போட்டுக் கொடுக்கிறாய். தூள் போடுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் துடைத்து, காயவிட்டு, அப்புறம் போட வேண்டும். ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்தில் யாருக்கு அதற்குப் பொழுது இருக்கிறது?

மருந்துக்கடைத்_தம்பி:

டால்கம் பற்றி ஒரு இடைச்செருகல். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் டால்க்கை “அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது” என்ற வகையில் சேர்த்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. தொடைக்குப் போடுவதில் பெரிய பயனும் இல்லாதபோது, அந்தரங்கப் பகுதியில் அதைக் கொட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நெருப்புக்கோழி:

வாசலின் தடவுங்கள் கரண்டிக்காரன். நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் தடவுவது அதைத்தான். ஷிப்டுக்குப் போகுமுன் குளித்து, நன்றாகத் துடைத்து, தோல் காய்ந்தபின் தொடையின் உள்பக்கம் மெல்லிசாகப் பூச வேண்டும். எரிய ஆரம்பித்த அப்புறம் பூசினால் பாதிப் பயன்தான், முன்கூட்டியே பூசியிருக்க வேண்டும். வியர்வையில் சுலபமாகக் கரைந்து போகாது.

ஒரு எச்சரிக்கை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பூசிய விரலைச் சரியாகக் கழுவாமல் லேடக்ஸ் கையுறை போட்டேன். அரை மணி நேரத்தில் விரல் நுனிப் பக்கம் ரப்பர் தொளதொளத்து நீண்டு, பிறகு கிழிந்தே போனது. கையுறைப் பெட்டி மட்டம் என்று எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன். பெட்ரோலியம் ஜெல்லி லேடக்ஸைப் பலவீனமாக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. நைட்ரைல் கையுறை எண்ணெய்ப் பசையை நன்றாகத் தாங்கும். எந்தக் கையுறையாக இருந்தாலும் பூசியபின் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுங்கள். முதல் தடவை கழுவியும் பிசுபிசுப்பு இருக்கும், தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அது போகும் வரை கழுவ வேண்டும். அடுத்து உணவைத் தொடப் போகும் கை அது.

உப்புக்கல்:

வாசலின் துணியெல்லாம் ஒட்டி அசிங்கம். நான் பின்பக்கத்துக்குப் போட்டுப் பார்த்து மூன்றே நாளில் அரிப்பு வந்துவிட்டது. மாவே மேல்.

நெருப்புக்கோழி:

பின்பக்கத்துக்கு யார் போடச் சொன்னது? தொடைக்குத்தானே சொன்னேன்.

பழைய_சட்டுவம்:

இதில் இரண்டு பேர் சொல்வதும் சரிதான், சண்டை வேண்டாம். தொடையின் உள்பக்கம் திறந்த இடம். அங்கே பிரச்சினை உரசல், ஆகவே வழுக்கவிட வேண்டும், பசை சரி. இடுக்கு மூடிய இடம். தோலும் தோலும் ஒட்டிக் கிடக்கும், காற்றே போகாது. அங்கே பிரச்சினை ஊறல். உள்ளே இருக்கும் ஈரத்தை வைத்துப் பூட்டுவது போல் பசையை அப்பினால் இன்னும் ஊறும். அந்த இடத்தைக் கழுவி, ஒற்றி எடுத்து, உலர்த்த வேண்டும். பூசத்தான் வேண்டும் என்றால் குழந்தைகளுக்கு அணையாடைப் புண்ணுக்குப் போடுவார்களே, வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும் துத்தநாகக் களிம்பு, அதை மெல்லிசாகப் பூசு. ஒரே டப்பாவை இரண்டு இடத்துக்கும் போட்டுவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது.

கரண்டிக்காரன்:

இது எனக்குப் புதுச் செய்தி. இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணா, இன்னொன்று. இன்றைக்கு விடுமுறை, தோல் உரிந்து சிவப்பாகப் பளபளவென்று இருக்கிறது. நாளைக்கே ஷிப்ட். இன்று என்ன செய்யலாம்? கிருமிநாசினி ஊற்றிக் கழுவட்டுமா?

மருந்துக்கடைத்_தம்பி:

வேண்டவே வேண்டாம்! கிருமிநாசினி, ஸ்பிரிட், வாசனைத் திரவியம், எலுமிச்சை, உப்புத் தண்ணீர் எதுவும் உரிந்த தோலுக்கு ஆகாது. எரிச்சல் என்றால் மருந்து வேலை செய்கிறது என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. ஆறுகிற தோலைத்தான் அது சுடுகிறது.

வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத மென்மையான சோப்பு, அவ்வளவு போதும். துண்டை வைத்துத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். விசிறிக்கு எதிரே பத்து நிமிடம் கால் அகட்டி உட்காருங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை. பிறகு உரிந்த இடத்தில் மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி அல்லது துத்தநாகக் களிம்பு. திறந்த புண்ணில் பவுடர் கூடாது. இரவு தொளதொளப்பான ஏதாவது கட்டிக்கொண்டு படுங்கள், உள்ளாடை வேண்டாம். வெறும் உரசல் புண் என்றால் உரசாமல் விட்டாலே ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரியும்படி குறையும்.

குறையவில்லை என்றால் அது வேறு. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், கடையில் தினமும் பார்க்கிறேன். உரசல் புண் உரசிய இடத்தில் மட்டும் இருக்கும், அரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம். படர்தாமரை என்றால் அரிப்பு முந்திக்கொள்ளும். ஓரம் வட்டமாகத் தடித்து, செதில் செதிலாக வெளியே படரும், நடுப்பகுதி வெளிறத் தொடங்கும். ஈஸ்ட் பூஞ்சை என்றால் இடுக்கின் ஆழத்தில் செக்கச்செவேலென்று ஈரமாக இருக்கும், அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பூஞ்சை வந்த இடத்தை எத்தனை வாசலின் போட்டாலும் சரி செய்ய முடியாது, பூஞ்சைக்கான களிம்பு வேண்டும். அதையும் தோல் நன்றாகத் தெரிந்த அன்றே நிறுத்தாமல், மருத்துவரோ உறையோ சொல்லும் நாள் வரை போட வேண்டும்.

மிக முக்கியம்: யாரோ கொடுத்தார்கள் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவாதீர்கள். முதல் இரண்டு நாள் அற்புதம் போல இருக்கும், சிவப்பு போய்விடும், அரிப்பு போய்விடும். பூஞ்சையோ அடியில் நிம்மதியாகப் பரவும். ஓரம் கலைந்து போவதால் அடுத்து மருத்துவருக்கே பார்த்ததும் அடையாளம் தெரியாது. மாதக் கணக்கில் தடவினால் இடுக்குத் தோல் மெலிந்து தழும்புக் கோடு விழுந்துவிடும், அந்தக் கோடு போகாது.

சீழ், காய்ச்சல், சூடாகப் பரவும் சிவப்பு இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பூஞ்சை திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இரத்தத்தில் சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

உப்புக்கல்:

சுற்றிலும் புள்ளிகள் என்று சொன்னீர்களே… எனக்கு அப்படித்தான் இருக்கிறது. வாசலினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மருந்துக்கடைத்_தம்பி:

மாவை நிறுத்திவிட்டு ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள் அண்ணா. எழுத்தைப் பார்த்து இன்னதுதான் என்று என்னால் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிண்ணம்:

ஆண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். பேஸ்ட்ரி பிரிவில் ஒன்பது வருடம். ஓவன் அடுப்பு முன்னால் நிற்கும் எங்களுக்கு மார்புக்கு அடியில்தான் முதலில் வரும். பிராவின் அடிப்பட்டை நனைந்து மடிந்து, அந்த மடிப்பு ஒரே இடத்தில் அறுக்கும். கம்பி வைத்தது என்றால் கேட்கவே வேண்டாம். வேலைக்குக் கம்பி இல்லாத, பட்டை அகலமான ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே பழைய பருத்தி மல் துணியை நீளமாக மடித்து வைப்பேன், நனைந்ததும் உருவி எடுத்துவிட்டு வேறொன்று. மூன்று துணி இருந்தால் ஒரு ஷிப்ட் ஓடிவிடும். செலவே இல்லை.

மாதவிடாய் நாட்களில் நாப்கின் ஓரம் தொடை மடிப்பில் அறுப்பதைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை. பிளாஸ்டிக் போன்ற மேல்தாள் இருப்பதைத் தவிர்த்து, துணி போன்ற மேல்தாள் உள்ளதுக்கு மாறினேன். மடிப்பில் மட்டும் முன்கூட்டியே கொஞ்சம் ஜெல்லி. பாதி அவதி போனது.

இன்னொன்று, ஈரத்துடைப்பான். இடைவேளையில் துடைத்துக்கொண்டால் சுகமாக இருக்கும் என்று பாக்கெட் பாக்கெட்டாக வாங்கினேன். துடைத்த இடமெல்லாம் ஒரு வாரத்தில் தடித்துப் போனது.

மருந்துக்கடைத்_தம்பி:

அக்கா, அதில் போடும் பதனப் பொருள் சிலருக்கு ஒவ்வாது. மெத்தில்ஐசோதயசோலினோன் என்று வாயில் நுழையாத பெயர். தொடுதோல் ஒவ்வாமைக்கான அமெரிக்கச் சங்கம் 2013-இல் “அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்” என்று அதையே தேர்ந்தெடுத்தது. வெறும் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியே போதும், உடனே காய்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும்.

நெருப்புக்கோழி:

துணி விஷயத்துக்கு வருவோம். கரண்டிக்காரன், அந்த ஜட்டிதான் முதல் குற்றவாளி. கால் ஓரத்தின் எலாஸ்டிக் சரியாகத் தொடை மடிப்பில் உட்காருகிறது. பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும். தொடையில் பாதி வரை இறங்குகிற நீளக் கால் உள்ளாடைக்கு மாறுங்கள். தோல் தோலோடு உரசாது, துணிதான் துணியோடு உரசும். ஓடுகிறவர்கள் போடும் பாலியஸ்டர் இறுக்கக் கால்சட்டை இன்னும் நல்லது, வியர்வையை வெளியே இழுத்துக் காயவிடும்.

அடுப்பங்கரைப்_பூனை:

பாலியஸ்டரா? தீக்குப் பக்கத்தில் செயற்கை இழை கூடாது என்று பயிற்சியில் சொன்னார்களே. உருகித் தோலில் ஒட்டும்.

நெருப்புக்கோழி:

மேலே கெட்டிப் பருத்தி பேன்ட் இருக்கிறதே, உள்ளே இருப்பது எப்படி உருகும்?

பழைய_சட்டுவம்:

இதை ஊதிப் பெரிதாக்கவும் வேண்டாம், அலட்சியமாக விடவும் வேண்டாம். பாலியஸ்டர் உருக 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். வறுக்கிற எண்ணெய் 175 முதல் 190 வரைதான். ஆகவே எண்ணெய் கொட்டினால் பாலியஸ்டர் உடனே உருகும் என்பது இல்லை. ஆனால் தோலோடு இறுக்கி ஒட்டிய துணி எண்ணெயைக் குடித்துச் சூட்டை அங்கேயே பிடித்துவைக்கும், சட்டென்று கழற்றவும் வராது. நெருப்பு துணியைப் பற்றினால் கதை வேறு, அப்போது உருகவே செய்யும். கிரில், திறந்த தீ, ஃபிரையர் பக்கம் நிற்கிறவர்கள் பருத்தியும் மோடாலும் (மரக்கூழிலிருந்து எடுக்கும் மென்மையான இழை) கலந்த, இழுபடுவதற்குக் கொஞ்சமாக எலாஸ்டேன் இழை சேர்ந்த நீளக் கால் உள்ளாடை வாங்கலாம். காசு இடம் கொடுக்கும் என்றால் மெல்லிய மெரினோ ஆட்டுக் கம்பளி. சூட்டுக்குக் கம்பளியா என்று சிரிக்காதீர்கள், அது உருகாது, நாற்றமும் லேசில் பிடிக்காது. பாத்திரம் கழுவும் பக்கம், குளிர் சமையல், பேஸ்ட்ரி மேசையில் நிற்கிறவர்களுக்குப் பாலியஸ்டர் தாராளமாகச் சரி.

எண்ணெய் எப்போதாவது மடியில் கொட்டினால் வெட்கம் பார்க்காமல் உடனே கழற்று, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். துணி தோலோடு ஒட்டிவிட்டால் மட்டும் பிய்க்காதே.

தையல்_ஊசி:

நான் சமையல்காரன் இல்லை, தைப்பவன். ஆனாலும் ஒரு வார்த்தை. பேன்ட்டைத் திருப்பிப் போட்டுக் கவட்டைப் பக்கம் நான்கு தையலும் ஒன்று சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு இருக்கும். நாள் முழுக்க அது தேய்க்கிறது. பேன்ட் தொடையில் இறுக்கமாகவும் கவட்டையில் தொங்கியும் இருந்தால் நடக்கும்போது அந்த முடிச்சு இரண்டு தொடைக்கும் நடுவே போய்வரும். கவட்டையில் வைரம் வடிவத்தில் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்தால் முடிச்சு பிரிந்து பரவிவிடும். அரை மணி நேர வேலை. புதிதாக வாங்கினால் அப்படித் துண்டு வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளாடையில் தையல் தட்டையாக இருக்க வேண்டும், மேடாக இருந்தால் உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். இழைமேல் படலம் படிந்து, தண்ணீரை இழுக்கும் தன்மை போய்விடும்.

அடுப்பங்கரைப்_பூனை:

பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு: நம் ஏப்ரன் ஓரம்தான் எமன். தொட்டியில் சாயும்போது தண்ணீர் ஏப்ரன் வழியாக வடிந்து, கீழ் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக முட்டிக்கு மேலே பேன்ட்டில் இறங்குகிறது. வியர்வையே இல்லாமல் தொடை நனைந்துவிடும். முட்டிக்குக் கீழ் வரை இறங்கும் நீர்புகா ஏப்ரன் கேட்டு வாங்குங்கள். நான் கேட்டபோது “இதுவரை யாரும் கேட்டதில்லையே” என்றார்கள். இரண்டாவது தடவை பேன்ட்டைப் பிழிந்து காட்டினேன். மறுநாள் வந்துவிட்டது.

பாதத்தில் விரல் இடுக்குப் பூஞ்சை இருக்கிறவர்கள் முதலில் சாக்ஸ், அப்புறம்தான் உள்ளாடை போட வேண்டும். இல்லாவிட்டால் பாதத்தில் இருப்பது உள்ளாடை ஏறி மேலே போய்விடும். எனக்கு இதைச் சொன்ன மருத்துவரை முதலில் நம்பவில்லை.

உப்புக்கல்:

முடியை எடுத்துவிட்டால் சரியாகுமா?

வெள்ளிக்கிண்ணம்:

மழிக்க வேண்டாம். மூன்றாம் நாள் முளைக்கும் குச்சி முடி குத்தும், அது தனி நரகம். கத்தரியால் குட்டையாக வெட்டிவிடுங்கள்.

இரவு_ஷிப்ட்:

வியர்வையையே குறைக்க அலுமினியம் குளோரைடு உள்ள வியர்வைத் தடுப்பான் எனக்கு உதவியது. அது வேலை செய்வது வியர்வைக் குழாயின் வாயை அடைத்து. அதனால் வியர்க்காத நேரத்தில், இரவு படுக்கும் முன், நன்றாகக் காய்ந்த தோலில் தடவி, காலையில் கழுவ வேண்டும். ஷிப்டுக்குக் கிளம்பும்போது தடவினால் வீண். உரிந்த தோலிலோ மழித்த அன்றோ தடவினால் துள்ளிக் குதிப்பீர்கள்.

கரண்டிக்காரன்:

இரண்டு வாரம் கழித்து வந்திருக்கிறேன். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவன் என்று நினைக்க வேண்டாம், இரட்டை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

விடுமுறை நாளில் மருந்துக்கடைத் தம்பி சொன்னபடி விசிறிக்கு எதிரே உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் சிவப்பு இளஞ்சிவப்பானது. புள்ளியோ வட்டமோ இல்லை, அதனால் வெறும் உரசல்தான் என்று முடிவு செய்தேன்.

மோடால் கலந்த நீளக் கால் உள்ளாடை நான்கு வாங்கினேன். ஷிப்டுக்கு முன் தொடையில் மட்டும் ஜெல்லி, இடுக்கில் ஒன்றுமில்லை. ஆனால் பழைய சட்டுவம் அண்ணா சொன்ன அந்த நடு மாற்றம்தான் உண்மையான மாற்றம். முதல் நாள் கழிவறைக்குள் நின்று காலணியைக் கழற்ற வேண்டியிருந்தது, ஈரத் தரையில் ஒரு காலில் தள்ளாடி, சாக்ஸ் நனைந்து, ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது. உள்ளே ஆர்டர் கத்திக்கொண்டிருக்கிறது. இப்போது ஒரு பிளாஸ்டிக் பையைத் தரையில் விரித்து அதன்மேல் நிற்கிறேன். முதலில் கை கழுவல் (காரம் பட்ட கையோடு ஒரு தடவை போய்விட்டேன், அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை), நனைத்த துணியால் உப்பைத் துடைப்பது, காய்ந்த துணியால் ஒற்றுவது, ஜெல்லி, புது உள்ளாடை, கை கழுவல். நான்கு நிமிடம். ஈரமானதைப் பையிலேயே சுருட்டிவிடுகிறேன்.

மேற்பார்வையாளர் முதலில் முறைத்தார். “நான்கு நிமிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் கடைசி மூன்று மணி நேரம் பாதி வேகத்தில்தான் நகர்வேன்” என்றேன். பதில் சொல்லவில்லை, ஆனால் இப்போது அந்த நேரத்தில் கிரிலில் அவரே வந்து நிற்கிறார். அவர் நடையைக் கவனித்தேன், அவருக்கும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

தையல் ஊசி அண்ணா, பட்டாணி முடிச்சு இருந்தது. துண்டு வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

பழைய_சட்டுவம்:

நான்கு நிமிடம் நல்ல வேகம். எனக்கு ஆறு. ஈரத்தைப் பையில் சுருட்டியதை வீட்டுக்குப் போன உடனே எடுத்துப் போடு, மறுநாள் வரை மறந்துவிட்டால் பையைத் திறக்கும்போது தெரியும்.

உப்புக்கல்:

மருத்துவரைப் பார்த்தேன். பூஞ்சைதான். களிம்பு கொடுத்திருக்கிறார். உள்ளாடையை 60 டிகிரி சூட்டில் துவைக்கச் சொன்னார். லாக்கரில் இருந்த மாவு டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன் அக்கா, இப்போது சாப்பிட வரலாம்.

வெள்ளிக்கிண்ணம்:

யோசிக்கிறேன்.

கரண்டிக்காரன்:

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். குதிரை என்று கிண்டல் செய்த அந்தப் பையன் நேற்று காலை அகட்டிக்கொண்டு லாக்கர் பக்கம் வந்தான். “அண்ணா, நீங்க என்னமோ தடவுறீங்களே, அது என்னண்ணா?” என்றான்.

நெருப்புக்கோழி:

டப்பாவை அப்படியே நீட்டிவிடாதீர்கள். அவன் விரல் போன டப்பாவில் அடுத்து உங்கள் விரல் போகும்.

கரண்டிக்காரன்:

நீட்டவில்லை. சுத்தமான கரண்டியால் கொஞ்சம் வழித்துத் தாளில் வைத்துக் கொடுத்தேன். அந்தக் கரண்டி இனி லாக்கரை விட்டு வெளியே வராது. நீள ஏப்ரன் கேட்கவும் சொல்லியிருக்கிறேன். பேன்ட்டைப் பிழிந்து காட்டச் சொல்லியும்.